பத்து மணிக்கு மட்டும் எடுத்த அளவு

கண்ணு,

இந்தக் காலத்தில் யார் கையால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறார்கள் என்று நீ சிரிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. லேப்பில் உட்கார்ந்து டைப் அடித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் உன் போனுக்கு வந்திருக்கும். வேண்டுமென்றேதான் பேனாவை எடுத்தேன். முதல் வரியையும் இந்த வரியையும் ஒப்பிட்டுப் பார். எழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறதா? பக்கத்தின் அடிக்குப் போவதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். நான் பெரிதாக எழுதத்தான் பார்க்கிறேன், கை கேட்க மாட்டேன் என்கிறது. புதுப் பக்கம் எடுத்தால் கொஞ்சம் பெரிதாகும், பிறகு மறுபடியும் சிறுக்கும். கண் வலித்தால் நிறுத்தி நிறுத்திப் படி, ஆனால் முழுக்கப் படி. இப்போது மணி சாயங்காலம் நாலரை. இந்த நேரத்தையும் வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். உன் நிச்சயதார்த்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாயாம், அதில் என் கை ஏதோ ஒரு மாதிரி இருந்ததாம். "அம்மா, நெசத்தைச் சொல்லு. உன்ற கைக்கு என்ன? உனக்கு முடியலைன்னா நான் அந்த மூணு வருச வெளிநாட்டு வேலைக்கு வரலைன்னு எழுதிப்போட்டு, கோயமுத்தூருக்கே வந்தர்றேன். உன்ற லேப்பையும் நானே பாத்துக்கறேன். நீ நல்லா இருந்தீன்னா போறேன்" என்றாய். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "எனக்கென்ன கண்ணு, கல்லாட்டம் இருக்கறேன். நீ பாட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டேன். உன் குரலிலிருந்து ஒரு பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது. திங்கட்கிழமை அவர்களுக்குச் சரி என்று எழுதிவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாய். உன்னுடைய மூன்று வருஷம், உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பவித்ராவுடைய மூன்று வருஷம், எல்லாம் என்னுடைய அந்த ஒரு வார்த்தையின் மேல் நிற்கிறது. அந்த வார்த்தை பொய்.

உன் அப்பா அடுக்களையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், "ஏனம்மணி, அந்தப் பையன்கிட்ட இப்படிப் புளுகறயே. லேப்புல ஒரு நம்பரு தப்பாப் போயிருச்சுன்னா ரெண்டு நாளைக்குச் சோறு திங்கமாட்ட. இது மட்டும் பரவால்லயா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்கென்ன தெரியும், உங்க சோலியப் பாருங்க" என்று கத்தினேன். அவர் உரித்த வெங்காயத்தைக் கழுவ எழுந்து போய்விட்டார். அந்த மனுஷன் சண்டைக்கு நிற்கமாட்டார், அதுதான் எரிச்சல். சாயங்காலம் வரைக்கும் நான் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். இன்றைக்குக் காலையில் எழுதியிருக்கலாம், எழுத்தும் நன்றாக வந்திருக்கும். அதனாலேயே சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன்.

இதைப் பவித்ராவும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுதுவேன், கொட்டாவி விடாதே. பவித்ரா, நானும் உன் மாப்பிள்ளையும் கட்டிக்கொண்டு அழுகிற, குவாண்டம் கம்ப்யூட்டருக்கான இந்தக் க்யூபிட் என்பது ஒரு நகத்தளவு சிலிக்கான் சில்லின் மேல் இழைத்த அலுமினியக் கோடுகள்தாம். நடுவில் ஓர் இடத்தில் இரண்டு அலுமினியப் படலங்களுக்கிடையே கண்ணுக்கே தெரியாத ஒரு துரு மாதிரியான படிவு. அதைக் குளிரவைத்து, குளிரவைத்து, வானவெளியை விடவும் சில்லென்று ஆக்கினால் மின்சாரம் அதில் தடையே இல்லாமல் ஓடும். அப்போது அதை இரண்டு நிலையில் வைக்கலாம், கீழே ஒன்று, மேலே ஒன்று, பார்க்காத வரைக்கும் ரெண்டும் கலந்தும் நிற்கும். ஒரு சின்ன அலையை அனுப்பி மேலே ஏற்றிவிட்டால் கொஞ்ச நேரம் அங்கே நிற்கும், பிறகு தானாகக் கீழே விழுந்துவிடும். எவ்வளவு நேரம் நிற்கிறதோ அதுதான் அதன் ஆயுள். நாம் கண் சிமிட்டுவதற்குள் பல நூறு தடவை ஏறி விழுந்துவிடும், அவ்வளவுதான் ஆயுள். அதைக் கூட்டுவதற்குத்தான் என் தலைமுடி நரைத்தது. அந்த ஆயுளை அளப்பது எப்படித் தெரியுமா? ஏற்று, கொஞ்சம் பொறு, பார். பார்த்தால் மேலே இருக்கும், அல்லது கீழே இருக்கும். பாதி ஆயுள் போயிற்று, கால்வாசி போயிற்று என்றெல்லாம் ஒரு பார்வையில் அது சொல்லாது. ஆயிரக்கணக்கான தடவை மறுபடி மறுபடி ஏற்றி, பார்த்து, சராசரி எடுத்தால்தான் ஏதோ தெரியும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு நல்லா இருக்குது என்று எழுதுகிறவனை நான் லேப்பை விட்டே துரத்தியிருக்கிறேன்.

எங்கள் லேப் உனக்கு நினைவிருக்கும். காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறை. குளிரூட்டும் இயந்திரம் கொச்சியிலிருந்து லாரியில் வந்து இறங்கிய அன்று பிரின்சிபாலிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மேலிருந்து அடுக்கடுக்காகத் தொங்கும் தட்டுகள், எல்லாம் தங்கமுலாம். உன் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், கோபுரத்தைத் தலைகீழாத் தொங்கவிட்டு அத்தனைக்கும் தங்கம் பூசியிருக்கறீங்க. கட்டுன புருசனுக்கு ஒரு மோதரம் போட மட்டும் மனசு வரலயா?" என்றார். அன்று சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் சிரிப்பு குறைவு. குளிர இரண்டு நாளாகும், கரண்ட் ஒரு நிமிஷம் போனால் கம்ப்ரஸர் நின்று எல்லாம் மறுபடி சூடாகும். சித்திரை வைகாசியில் தண்ணீர்க் குழாயே கொதிக்கும்போது குளிரூட்டிக்கு எங்கே போக? ஜெனரேட்டர், டீசல், பில், கடிதம், மீட்டிங் என்று வருஷங்கள் ஓடின. க்யூபிட்டைப் பற்றி யோசித்த நேரத்தை விடத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி யோசித்த நேரம் அதிகம். இதையெல்லாம் சொல்லி என்ன, எனக்குச் சலித்துவிட்டது.

குங்குமக் கதையை நீ ஹாஸ்டலில் இருந்தபோது போனில் அரைகுறையாகக் கேட்டிருப்பாய். பவித்ராவுக்குத் தெரியாது, முழுக்கச் சொல்கிறேன். லேப் தொடங்கிய வருஷம் ஆயுத பூஜை அன்று உன் அப்பா கணபதி ஏரியாவில் இருக்கும் தன் மோட்டார் வைண்டிங் பட்டறைப் பூஜையை முடித்துவிட்டு, பொழுது சாய, பொரிகடலைப் பையோடு லேப்புக்கு வந்தார். "எங்க பட்டறையில திருப்புளிக்குக்கூடப் பொட்டு வெச்சாச்சு. இத்தன பெரிய சாமான் மொட்டை நெத்தியோட நிக்குதே" என்று சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கம்ப்ரஸருக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, மைக்ராஸ்கோப்புக்கு ஒன்று. மேஜை மேல் சில்லை வைத்து மூடுகிற செம்புப் பெட்டி கிடந்தது, மூடி மல்லாந்து கிடந்தது. அந்த மூடியின் உள்பக்கத்திலும் ஒன்று வைத்துவிட்டார். நான் பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனேன். என் முதல் ஆராய்ச்சி மாணவி செல்வராணி, சத்தியமங்கலத்துப் பெண், பதறிப்போய், "பூஜைப் பொட்டைத் தொடைக்கக் கூடாதுங்க மேடம்" என்று கையைப் பிடித்துவிட்டாள். சரி, ஒரு பொட்டுதானே என்று மூடிவிட்டேன். அந்தத் தடவை குளிரவைத்து அளந்தபோது வந்த ஆயுள், அதுவரை நாங்கள் பார்க்காத ஆயுள். காலேஜே பன்னும் டீயும் சாப்பிட்டது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்றால், பொட்டால்தான் வந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியை மூடுகிற ஒவ்வொரு தடவையும் செல்வராணி பர்ஸிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து மூடிக்குள்ளே ஒரு பொட்டு வைப்பாள். பழையதைத் துடைக்கமாட்டாள், அதன் மேலேயே வைப்பாள். ராகு காலம் பார்த்து இயந்திரத்தைப் போடுகிற பையன்களை நான் கிழிகிழி என்று கிழித்திருக்கிறேன். ஆனால் இதை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விட்டுவிடுவேன். நல்ல அளவு வந்ததே, அந்த அதிர்ஷ்டத்தைக் கலைக்க எனக்கும் பயம். பிறகு ஆயுள் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக. கேபிளை மாற்றினோம், வடிகட்டியை மாற்றினோம், காந்தக் கவசத்தை மாற்றினோம். சில்லு செய்து தந்த பெங்களூர்க்காரர்களிடம் உங்கள் அலுமினியம் சரியில்லை என்று சண்டை போட்டேன். அதே சில்லு மற்ற இடங்களில் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் பணிவாகப் பதில் எழுதினார்கள், எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போது சில்லின் மேல் சிவப்பாக ஒரு பாறை. பாறை மாதிரிதான் தெரிந்தது. நிமிர்ந்து மூடியைப் பார்த்தேன். பொட்டின் மேல் பொட்டாக ஏறி, காய்ந்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அட கெரகமே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பவித்ரா, ஏற்றிவைத்த க்யூபிட்டைச் சுற்றி எந்த அழுக்கு இருந்தாலும் அதன் சக்தியை உறிஞ்சிவிடும். எண்ணெய், ஈரம், தூசி, எதுவானாலும் சரி. முதல் நாள் பொட்டு சின்னதாக, தள்ளி இருந்தது, ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சில்லு நல்ல சில்லு, பொட்டு இல்லாவிட்டாலும் அவ்வளவு வந்திருக்கும். ஏறியதும் உதிர்ந்ததும்தான் வினை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் குளிரவைத்தோம், ஆயுள் திரும்பி வந்தது. ரிப்போர்ட்டில் 'உறைப்பெட்டியில் கரிமப் படிவு' என்று எழுதினேன். உன் மாமனார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "என்ற குங்குமத்துக்கு இத்தாப் பெரிய பேரா?" என்றார். செல்வராணி ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் அவளிடம் போய், "உன்ற மேல தப்பில்ல புள்ள, குங்குமத்து மேலயும் இல்ல. மொதல்ல ஒரு நல்ல நம்பரு வந்துச்சு பாரு, அதுதான் நம்மளக் குருடாக்கிப்போட்டுது" என்றேன். நல்ல அளவு ஒன்று வந்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் மூடிக்குள் பார்ப்பதில்லை. அதை நான் அன்றைக்கு அவளுக்குச் சொன்னேன், இன்றைக்கு எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

இனி என் கைக்கு வருகிறேன். சில்லுக்கும் பெட்டிக்கும் நடுவே தலைமுடியை விட மெல்லிய அலுமினியக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டவேண்டும். அது என் வேலை. அதில் நான் கொஞ்சம் கர்வக்காரி என்பது உனக்கே தெரியும். போன வருஷம் மழைக்காலத்தில் கம்பி தப்பித் தப்பி விழுந்தது. இயந்திரத்தைத் திட்டினேன், ஏசிக் காற்றைத் திட்டினேன், காபி அதிகமாயிற்று என்று காபியை நிறுத்தினேன். ஒரு நாள் ஒரு நல்ல சில்லைக் கீறியே விட்டேன். மறுநாளிலிருந்து செல்வராணி நான் வருவதற்கு முன்பே வந்து ஒட்டிவைத்துவிடுவாள். "சும்மா இருந்தனுங்க மேடம், அதான்" என்பாள். அவினாசி ரோட்டில் ஒரு டாக்டரிடம் உன் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், சுழி வரையச் சொன்னார். பார்க்கின்சன் என்றார். மெதுவாகத்தான் போகும், மாத்திரை கேட்கும், ஆனால் திரும்பிப் போகாது என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் உன் அப்பா சாவியைப் போடாமல் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, "ஏம்மணி, இளநி குடிக்கலாமா?" என்றார். குடித்தோம். டம்ளரில் ஊற்றித் தரச் சொல்லாமல் ஸ்ட்ரா போட்டு வாங்கி அவரே பிடித்துக்கொண்டார்.

காலையில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் கை படிந்துவிடும். ஒன்பதரை, பத்து, பதினொன்று, அப்போது என்னைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அந்த நேரத்தில் நான் பழைய ஆள். சாயங்காலம் ஆக ஆக வலது கை தனியாகத் தாளம் போட ஆரம்பிக்கும், ஜாக்கெட் கொக்கி போடக்கூட உன் அப்பா வரவேண்டும், கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். நீ முன்னெல்லாம் ஏழு மணிக்குத்தான் கூப்பிடுவாய், நினைவிருக்கிறதா? "பொழுதோட எனக்கு வேலை இருக்குது கண்ணு, காத்தால பத்து மணிக்குக் கூப்புடு" என்று உன்னைப் பழக்கியது யார்? நான். வேலை ஒன்றும் இல்லை. நல்ல நேரத்தில் மட்டும் நீ என்னைப் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். உனக்குத் தெரியும், க்யூபிட்டின் ஆயுளும் இப்படித்தான், காலையில் ஒன்று காட்டும், சாயங்காலம் ஒன்று காட்டும். அதில் மிக நல்ல மணி நேரத்தை மட்டும் பொறுக்கிப் படம் போட்டுக் காட்டுகிறவர்களை, மீட்டிங்கில் எழுந்து நின்று, "மீதி நேரத்து அளவெல்லாம் எங்கே?" என்று கேட்டு எத்தனை பேருடைய பகையைச் சம்பாதித்திருக்கிறேன். அதே வேலையை என் பிள்ளையிடம் நானே செய்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெட்கம் அதோடு போகவில்லை. கிணத்துக்கடவில் உன் நிச்சயதார்த்தம். பவித்ரா வீட்டுத் தோப்பில் பந்தல், ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். காலையில் பூ வைத்துவிடுவோம் என்று நினைத்து மாத்திரையைக் கணக்குப் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர்கள் சித்தப்பா வர நேரமாகி, நல்ல நேரம் தள்ளி, பூ வைக்கிறபோது மணி மூன்று தாண்டிவிட்டது. மாமியார் பெண்ணுக்குப் பூ வைக்கவேண்டும், கேமரா முகத்துக்கு நேரே நிற்கிறது. மல்லிகைச் சரத்தைத் தூக்கினேன். சரமே ஆடியது. கொண்டை ஊசி கையை விட்டு விழுந்தது. பவித்ரா தலையைக் குனிந்துகொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள், மற்ற கையால் தானே ஊசியைச் சொருகிக்கொண்டாள். பார்த்தவர்கள் மாமியாரும் மருமகளும் கொஞ்சுகிறார்கள் என்று சிரித்தார்கள். பிறகு அறையில் தனியாக வந்து, "அத்தை, அவருக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள். நான் சொன்னேன், "சொல்லாத சாமி, அவன் போறதக் கெடுத்துப்போடாத." அந்தப் பெண் சரிங்க அத்தை என்றது. இன்னும் நம் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை, அதற்குள் அவளை என் பொய்க்குக் கூட்டாளி ஆக்கிவிட்டேன். இத்தனை நாள் உன்னிடம் அதை மறைத்துக்கொண்டு அவள் எப்படிப் பேசினாளோ. அவள் மேல் கோபப்பட்டாயானால் நான் உன்னோடு பேசமாட்டேன், சொல்லிவிட்டேன்.

போகட்டும், உனக்கு என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொல்கிறேன். லேப்பைப் பார்த்துக்கொள்ள நீ வராதே. அந்தப் பேச்சே வேண்டாம். அது செல்வராணியுடையது. அவள் கையும் கண்ணும் இப்போது என்னுடையதை விட நன்றாக இருக்கின்றன, அவளை வைத்துக்கொண்டு என் மகனைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தால் ஊர் காறித் துப்பும், துப்பவும் வேண்டும். கரண்ட் போகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று உன் வயசைத் தொலைக்கவா உன்னைப் படிக்கவைத்தேன்? அங்கே போனால் நல்ல இயந்திரம், நல்ல ஆட்கள். போகலாம். அதே சமயம், நீ பக்கத்தில் இருந்தால் தேவலை என்று எனக்கு ஆசை இருக்கிறது. சாயங்காலமானால் ரொம்ப இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பத்து மணிக் கடிதமாகிவிடும். நீ போனால் நான் செத்துவிடமாட்டேன், அழுவேன். நீ இருந்தால் சந்தோஷப்படுவேன், உன் மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டேனே என்று அதற்கும் அழுவேன். ரெண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்று க்யூபிட் ஜோக் அடிக்காதே, போடா. எனக்கே தெரியவில்லை, அதனால்தான் உன்னைத் தீர்மானிக்கச் சொல்கிறேன். ஆனால் சரியான அளவை வைத்துக்கொண்டு தீர்மானி.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லவேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னாச்சு என்று பவித்ரா கேட்டால் ஒண்ணுமில்ல என்று சொல்லாதே. நம் ஊரில் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஆளாளுக்குச் சொல்கிறோம். உடம்பு எப்படிங்க என்றால் நல்லா இருக்கறனுங்க, தொழில் எப்படிங்க என்றால் ஏதோ போகுதுங்க. வாசலில் பேசுகிற பேச்சுக்கு அது சரி. வீட்டுக்குள் அதையே பேசினால் ஒருத்தர் பொட்டின் மேல் இன்னொருத்தர் பொட்டாக ஏறிக்கொண்டே போகும், ஒரு நாள் உதிரும்போதுதான் தெரியும். உன் அப்பா என்னிடம் ஒண்ணுமில்ல என்று சொன்னதே கிடையாது. பட்டறையில் ஆர்டர் இல்லாத வருஷம் வீட்டுக்கு வந்ததும், "பயமா இருக்குது புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் கை கால் கழுவுவார். நான்தான் படித்தவள், எதையும் உள்ளே வைத்து மூடுகிறவள். நீ முகத்தில் என்னைக் கொண்டிருக்கிறாய், அது போதும், இதில் உன் அப்பாவைப் போல இரு.

திங்கட்கிழமை அவர்களுக்கு எதுவும் எழுதாதே. மாசக் கடைசி வரைக்கும் தவணை இருக்கிறது என்று நீதானே சொன்னாய். பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வா. பவித்ராவையும் வரச் சொல், கிணத்துக்கடவு என்ன தொலைவா, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். வந்ததும் எப்படிம்மா இருக்கே என்று கேட்காதே. கேட்டால் நான் பழக்கதோஷத்தில் நல்லாத்தான் இருக்கேன் என்பேன். கேட்காமல் பார். காலையில் பார், மத்தியானம் பார், விளக்கு வைக்கிற நேரத்தில் பார். நான் சாப்பிடுவதைப் பார், மாடிப்படி ஏறுவதைப் பார், சேலை கட்டி முடிக்க எத்தனை நேரமாகிறது என்று வெளியே உட்கார்ந்து பார். நல்ல நாளும் இருக்கும், கெட்ட நாளும் இருக்கும். ஒன்றையும் விட்டுவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள். அதற்குப் பிறகு போகிறேன் என்றாயானால் நானே பெட்டி கட்டித் தருகிறேன், மடிப்பு மட்டும் கோணலாக இருக்கும்.

நம் வீட்டுக்குப் பவித்ரா வீட்டார் வந்த அன்று உன் அப்பா, "எங்கூட்டுல காபி டிபார்ட்மெண்டு நானுங்க" என்று தட்டை வாங்கிக்கொண்டு போனாரே, எல்லோரும் சிரித்தீர்களே, அது எனக்காகத்தான். டம்ளர் எல்லாம் அரை டம்ளராக இருந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய், அதுவும் எனக்காகத்தான். இந்தத் தடவை நீ வருகிற அன்று சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காபியை நான் கொண்டு வருவேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், விளிம்பு வரைக்கும் ஊற்றித் தரவேண்டும் என்று. அடுக்களையிலிருந்து ஹால் வரைக்கும் நடந்து வருவேன். சிந்தும். என் சேலையில் சிந்தும், தரையில் சிந்தும், உன் கைக்கு வரும்போது பாதிதான் இருக்கும். நீ எழுந்து வந்து வாங்காதே கண்ணு. பவித்ராவையும் எழவிடாதே. ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் கடைசி வரைக்கும் பாருங்கள்.

டம்ளரைக் கீழே வைத்த பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொள்.

அம்மா